இரவல் சோபா

ஆங்கிலத் தொடர்நாடகம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் எல்லோரும் எழும்பிவிடுவார்கள். நான் மட்டும் இருப்பேன். "ஃபா, டெ எர் ஸ்லுட்" என்பான் மகன், அப்பா முடிஞ்சுது என்று டேனிஷில். எனக்கு முடிவதில்லை. நடித்தவர்கள் போய், உடுப்புத் தைத்தவர்கள் போய், குதிரை கொண்டுவந்தவர்களும் போன பிறகு ஒளிப்பதிவு என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெயர் வரும். நான் அறிந்த ஓர் ஆங்கிலேயரின் பெயர்தானா என்று பார்ப்பேன். அவருடையதாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வேறு யாருடையதாவது என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழும்பிப் போய் வேலையைப் பார்ப்பேன்.

என் மனைவி அவரை "எங்கட கலியாணப் புரோக்கர்" என்பாள். நான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தால் குசினிக்குள் இருந்தே, "என்னப்பா, புரோக்கர் வந்திட்டாரோ?" என்று கேட்பாள். பகிடிதான், ஆனால் அதில் பொய் இல்லை. அவர் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் லண்டனில் இருந்த அவளுடைய வீட்டார் எனக்குச் சம்மதம் சொன்னார்கள். அந்தப் படத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதையும், அதனால் யாருடைய காரியம் கெட்டது என்பதையும் அவளுக்கு நான் சொன்னதில்லை. இங்கே எழுதுவதை அவள் வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற சிற்றூரில், ரயில்பாதைக்குப் பக்கத்து வீடொன்றின் மேல்மாடியில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி. நாலு பேருக்கும் துணித் தொழிற்சாலையில் வேலை. எல்லோருக்கும் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடச் சட்டமும் இடம் கொடுத்தது. விண்ணப்பம் போட்டாயிற்று, பதில்தான் வரவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொழிற்சாலையால் வந்ததும் ஒவ்வொருவரும் கீழே தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் படியேறுவோம். ஒருவர் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனதைக் கண்ணால் கண்டிருந்தாலும் பின்னால் வருபவரும் துழாவுவார்.

எனக்கு அப்போது மனைவி இல்லை, விண்ணப்பமும் இல்லை. எனக்கு இருந்தது ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் கல்லூரி ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் இரண்டு முறை முதலாவதாக வந்தவன் நான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இக்காஸ்டில் நான்தான் சர்க்கரை. விண்ணப்பம் போட்ட பிறகும் கந்தோர் மேலும் மேலும் பத்திரம் கேட்டுக்கொண்டிருந்தது, எல்லோருடையதையும் நான்தான் நிரப்பினேன். அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதியதும், கொம்மூன் என்ற நகரசபையில் அதிகாரிக்கு முன்னால் இருந்து கதைத்ததும் நான்தான். அதற்குச் சன்மானம் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் வீட்டில் தேத்தண்ணி ஊற்றினால் முதல் கோப்பை எனக்குத்தான் வரும். சட்டி கழுவும் முறை எனக்கு வருவதில்லை. இதை நான் கேட்கவில்லை, அவர்களாகத் தந்தார்கள் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை எங்களோடு இருந்த மட்டக்களப்புத் தம்பி, "இவ்வளவு பெரிய வசனம் எழுதினா கந்தோரில ஆருக்கு விளங்கும்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டான். கேட்டது நியாயம். அவனுடைய பத்திரத்தை என் தோள்பையின் அடியில் போட்டுவிட்டு இரண்டு கிழமை நேரமில்லை என்றேன். கடைசியில் அவனே நண்டு வாங்கிக் கறி வைத்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் பத்திரம் வெளியே வந்தது. அப்போது அதை ஒரு பகிடியாகத்தான் நினைத்தேன்.

நால்வரில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். வடமராட்சிக்காரர், நாற்பது வயது இருக்கும். கொழும்பில் ஒரு ஹொட்டேலில் பெட்டி தூக்கியவர், கலவரத்தோடு அதை விட்டுவிட்டு ஊருக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். ஊரில் மனைவி, பதினான்கு வயதில் மகள், ஆறு வயதில் மகன். மகள் வளர வளர அவருக்குப் பயம் கூடிக்கொண்டு போனது. ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். "மூத்தவளை முதல்ல எடுத்துப்போட வேணும் தம்பி" என்பார். அதைத் தவிர அவரிடம் வேறு கதை இல்லை.

வந்த முதல் வருடமே பழைய உடுப்புக் கடையில் பிள்ளைகளுக்கு இரண்டு குளிர்க்கோட்டு வாங்கிவிட்டார். மகளுக்குச் சிவப்பு, மகனுக்கு நீலம். பிள்ளைகள் விமானத்தால் இறங்கும்போது குளிரக்கூடாது என்பது அவருடைய திட்டம். அலுமாரி இல்லாததால் முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொழுவி வைத்தார். ஒரு குளிர்காலம் முடியும், பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். அடுத்த குளிர் தொடங்கும்போது அந்தக் கோட்டுகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் அளவு பெரிதாக அதே நிறத்தில் தேடி எடுத்து வருவார். அளவு தெரியாது. தொழிற்சாலையில் வேலை செய்யும் டேனிஷ் பெண்களிடம், உன் மகளுக்கு என்ன வயது, எவ்வளவு உயரம் என்று கையால் காட்டிக் கேட்பார். "டேனிஷ் பிள்ளையளின்ர அளவுக்கு வாங்கினா எங்கட பிள்ளையள் அதுக்குள்ள காணாமல் போயிடுங்கள் அண்ணை" என்று நான் சிரிப்பேன். "வளருவினம்தானே" என்பார்.

அப்படியிருக்க ஒரு சித்திரை மாதம் ஆங்கிலத் தொலைக்காட்சி ஒன்றிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வட நாடுகளில் அகதிகள் எப்படி இருக்கிறார்கள் என்று படமெடுக்க. கேள்வி கேட்கும் ஒரு பெண்ணும் ஒலிப்பதிவுக்காரரும் முதலில் கொப்பன்ஹேகனுக்கு அதிகாரிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். கமராக்காரர் மட்டும் சாமான்களோடு கப்பலில் எஸ்பியர்க் துறைமுகத்தில் இறங்கினார். ஆங்கிலம் தெரிந்தவன் என்று யாரோ என்னைக் காட்டியிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு ரயிலில் எஸ்பியர்க் போய், அவருடைய காரில் ஏறி வழிகாட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கார்ப் பயணத்தில்தான் அவருடைய கதை முழுவதையும் கேட்டேன். தகப்பன் பஸ் சாரதி. பதினாறு வயதில் லண்டனுக்கு வெளியே ஒரு ஸ்டூடியோவில் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாராம். பிறகு சில வருடங்கள் கிளாப் பலகை பிடித்தாராம். கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, பார்க்காமலே பிலிம் சுருளை மாற்றப் பழகினாராம். அதன்பின் கமராக்காரருக்குப் பக்கத்தில் நின்று நாடா பிடித்துத் தூரம் அளந்து ஃபோக்கஸ் திருப்பும் வேலை. தொலைக்காட்சி நாடகங்கள், வெள்ளம், யுத்தம், தேர்தல். "எனக்கு நாற்பத்தைந்து வயது. பெரிய படம் ஒன்றுக்கு ஒளி அமைக்க இன்னும் ஒருவரும் என்னை நம்பவில்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பேச்சுப் போட்டி ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். "நீ நீதிபதி மாதிரி ஆங்கிலம் பேசுகிறாய்" என்றார். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர மூன்று மணி. சாமான்களைக் காரிலேயே விட்டுவிட்டு, இன்றைக்கு வெளிச்சத்தை மட்டும் பார்க்கிறேன் என்று படியேறினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அதைக் கண்டதும் எனக்குக் கூச்சம் தொடங்கிவிட்டது, ஏனென்றால் உள்ளே நிலத்தில் இரண்டு மெத்தை கிடந்தது, குறுக்கே கட்டிய கயிற்றில் சாரமும் பனியனும் காய்ந்தன, வாழைப்பழப் பெட்டி ஒன்று மேசையாக இருந்தது. அண்ணை நிலத்தில் போர்வையை மடித்துப் போட்டு வேலைச் சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயை மூடாமல் மன்னிப்புக் கேட்டேன். இது தற்காலிகம், விரைவில் மாறப்போகிறோம், ஊரில் எங்களுக்குப் பெரிய வீடு என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

யன்னலால் வந்த வெயில் இரண்டு கோட்டுகளிலும் விழுந்து, அங்கிருந்து அண்ணையின் முதுகில் விழுந்தது. கமராக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பைக்குள் இருந்து வெளிச்சம் அளக்கும் சின்னக் கருவியை எடுத்துச் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு அண்ணையின் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்தார். "உதென்ன, காய்ச்சல் பாக்கிறாரோ?" என்று அண்ணை கேட்டார். யாருடைய கோட்டு என்று கமராக்காரர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன், வருடா வருடம் அளவு மாற்றுவதையும் சேர்த்து. அவர் இந்த அறைக்கு ஒரு யன்னல் போதும், விளக்கே வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

போகும்போது வாசலில் சப்பாத்து போட்டுக்கொண்டே சொன்னார். நாளைக்கு இதே நேரம். ஒன்றையும் மாற்ற வேண்டாம், தயவுசெய்து, ஒரு சின்னச் சாமானைக்கூட. அவர் படியிறங்கிப் போனதும் அண்ணை ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்னவாம் தம்பி?" என்றார்.

"நாளைக்கு மூண்டு மணிக்கு வருவினமாம். வீட்டை வடிவா வைச்சிருக்கட்டாம்."

அண்ணை என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு, "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லண்டனில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்கு நான் தனி வீட்டில் வசதியாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். படம் லண்டனில் ஓடும். அவர்கள் பார்ப்பார்கள். வாழைப்பழப் பெட்டியைப் பார்ப்பார்கள். இது என்னுடைய சொந்தக் காரணம். ஆனால் அது மட்டும் என்றால் மற்றவர்கள் என்னோடு சேர்ந்திருக்க மாட்டார்கள். படம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக வேலை செய்யும். ஊருக்குப் படம் அனுப்புவதென்றால் அடுத்தவன் காரில் சாய்ந்து நின்றுதான் எடுப்போம். இக்காஸ்ட் தேவாலயத்துக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு டேனிஷ்காரரின் சிவப்புக் கார் யாழ்ப்பாணத்தில் எத்தனை அல்பங்களில் இருக்கிறதோ தெரியாது. அவருக்கே தெரியாது.

அடுத்த நாள் விடிந்ததில் இருந்து வேலை. கீழ்வீட்டு டேனிஷ் பெண்மணியிடம் சோபா இரவல் கேட்டேன். அவர் பாவம், என்ன ஏதென்று கேட்காமல் மறுபக்கம் தானே தூக்கினார். பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூச்சாடியும் கொடுத்தது. மட்டக்களப்புத் தம்பி வருபவர்களுக்குத் தின்ன றோல்ஸ் சுட்டான். எல்லோருக்கும் கழுத்துப்பட்டி. மெத்தைகளைச் சுருட்டி நிலவறைக்குள் கொண்டுபோய்ப் போட்டோம். கயிற்றை அவிழ்த்தோம். கடைசியாக யன்னலுக்குத் திரைச்சீலை போடப் போனபோது கோட்டுகள் இரண்டும் இடைஞ்சலாக நின்றன. "உதையும் கழட்டுங்கோ அண்ணை, பழைய உடுப்புக் கடை மாதிரிக் கிடக்கு" என்றேன். அண்ணை இரண்டையும் ஆணியில் இருந்து எடுத்து, மடித்து, என் கையில் தந்தார். நான்தான் நிலவறைக்குக் கொண்டு போனேன். இதை நினைக்கும்போது என் இரண்டு உள்ளங்கையும் இப்போதும் கூசுகின்றன.

மூன்று மணிக்குக் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். பின்னால் கேள்வி கேட்கும் பெண்ணும் ஒலிப்பதிவுக்காரரும். கழுத்துப்பட்டியோடு நாலு பேர் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அவர் கமராவை மெதுவாகக் கீழே இறக்கினார். "கோட்டுகள் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். தோய்க்கக் கொடுத்துவிட்டோம் என்றேன். திரையை விலக்கலாமா என்றார். அயலவர்கள் பார்ப்பார்கள் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. காருக்குப் போய் ஒரு விளக்கைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினார். அந்த வெளிச்சத்தில் பிளாஸ்டிக் பூ அசல் பூ மாதிரி இருந்தது.

இங்கே வாழ்க்கை எப்படி என்று அந்தப் பெண் அண்ணையிடம் கேட்டார். சோபாவில் இருந்துகொண்டு, றோல்ஸ் தட்டுக்கு முன்னால், மனிதன் வேறு என்னதான் சொல்லுவான்? "ஒரு குறையும் இல்லை. பிள்ளையள் வந்தாக் காணும், அவ்வளவு போதும்" என்றார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு முன்னால் சொல்லும் பதில் அது. நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், என் நல்ல ஆங்கிலத்தில், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று முதலில் அழுத்தமாக. சாமான்களைக் கட்டி முடித்துக் கைகொடுக்கும்போது கமராக்காரர், "நேற்று இது நல்ல அறையாக இருந்தது" என்றார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

படம் லண்டனில் ஓடியது. சில மாதங்களில் டேனிஷ் தொலைக்காட்சியிலும் போட்டார்கள். எங்கள் பகுதி இரண்டு நிமிடம்கூட இல்லை. சோபா, பூச்சாடி, நாலு கழுத்துப்பட்டி, "ஒரு குறையும் இல்லை." பிள்ளைகள் வந்தால் காணும் என்ற பாதியை வெட்டிவிட்டார்கள். அடுத்த நாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில், தன் மகளின் உயரத்தைக் கையால் காட்டி அண்ணைக்கு அளவு சொன்ன அதே டேனிஷ் பெண், "உங்கள் வீட்டைப் பார்த்தேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றாள். மனமாரத்தான் சொன்னாள். அண்ணை "தாக், தாக்" என்று நன்றி சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருவர், இவர்களுக்கு ஒரு குறையும் இல்லையாம், பிறகு எதற்கு அவசரம் என்று கடிதம் எழுதியிருந்தார். டேனிஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான்தான். அண்ணைக்கு நான் அதை வாசித்துக் காட்டவில்லை.

லண்டனில் இருந்து எனக்குச் சம்மதக் கடிதம் வந்தது. வீடு வசதியாக இருப்பது தெரிகிறது என்று மாமனார் எழுதியிருந்தார். அண்ணைதான் எல்லோருக்கும் ரவை கிண்டித் தந்தார்.

அண்ணையின் விசா வர மேலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது. கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். அண்ணை கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். சிவப்புக் கோட்டு அப்போது பெரிய ஆளின் அளவுக்கு வந்திருந்தது. கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் மனைவி வந்தார், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் ஒருவரும் இல்லை. மகள் ஐந்து மாதத்துக்கு முன் இயக்கத்துக்குப் போய்விட்டாள். "எழுத மனம் வரேல்லை" என்றார் மனைவி. அண்ணை மகனுக்கு நீலக் கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

வெளியே வந்ததும் மனைவிக்குக் குளிரில் பல் அடித்தது. அவருக்கென்று கோட்டு வாங்க அண்ணைக்கு நினைவு வரவில்லை. சிவப்புக் கோட்டை விரித்துப் பிடித்தார். டேனிஷ் பிள்ளையின் அளவுக்கு வாங்கிய கோட்டு தாய்க்குச் சரியாக இருந்தது. அந்தக் கோட்டோடுதான் அவர் இக்காஸ்ட் வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து அவர்கள் வீட்டில் மகளின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தார்கள். அந்த விளக்கைக் கும்பிடும்போது நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.

பிறகு நீதிபதி ஒருவரின் தடித்த அறிக்கை வந்தது. எங்கள் விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாக, தெரிந்துகொண்டே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்பது வெளியே வந்து, அரசாங்கமே விழுந்தது. தமிழர் விவகாரம் என்று தொலைக்காட்சியில் தினமும் கதைத்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு பத்திரிகைகளை வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு அப்பாடா என்று இருந்தது. சோபா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த விண்ணப்பக் கட்டு அசைந்திருக்காது, பழி மேலே இருப்பவர்களுடையது, என்னுடையது அல்ல. கிடப்பில் போட்டார்கள் என்ற சொல்லை இரண்டாம் முறை வாசித்தபோது தோள்பையின் அடியில் கிடந்த மட்டக்களப்புத் தம்பியின் பத்திரம் நினைவுக்கு வந்தது. அப்பாடா அத்தோடு போயிற்று. ஒரு படத்தால் அமைச்சு அசைந்திராது என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலைப் பெண் அடுத்த நாள் வேறொன்று சொல்லியிருப்பாள். இத்தனை வருடமும் உயரம் கேட்டது எதற்கு என்று அவளுக்கு விளங்கியிருக்கும். அண்ணைக்கு அந்த ஊரில் ஒரு ஆளின் துணையாவது இருந்திருக்கும்.

கமராக்காரருக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. முதலில் ஒரு துப்பறியும் தொடரில் பெயர் வந்தது. பிறகு பழைய காலத்துப் பிரபுக்களின் வீடுகளைப் பற்றிய தொடர்கள். பிறகு அவர் கனவு கண்ட பெரிய படங்கள், விருது, இன்னொரு விருது. டேனிஷ் தொலைக்காட்சி ஆங்கிலப் படங்களுக்குக் கீழே எழுத்து மட்டும்தான் போடும், முடிவில் ஓடும் பெயர்களை வெட்டாது. அதனால் அவருடைய உத்தியோக உயர்வு ஒவ்வொன்றும் என் வீட்டுச் சோபாவில் இருந்து எனக்குத் தெரியவந்தது. இது சொந்தச் சோபா.

சில வருடங்களுக்கு முன் ஆங்கில அலைவரிசை ஒன்றில் அவரைப் பேட்டி கண்டார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். புருவம் முழுக்க நரைத்திருந்தது. உங்கள் படங்களில் எந்த அறையும் விருந்துக்குத் தயாராக இருப்பதில்லையே, படுக்கை கலைந்திருக்கிறது, தட்டு கழுவாமல் கிடக்கிறது, இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார் பேட்டியாளர்.

டென்மார்க்கில் என்றார் அவர். ஓர் அறை, ஒரு யன்னல், நாலு ஆண்கள் படுக்கும் இடத்தில் இரண்டு பிள்ளைகளின் கோட்டு. வாழ்நாளில் நான் கண்ட மிகச் சிறந்த காட்சி அதுதான், ஆனால் அது பிலிமில் இல்லை, கமரா கீழே காரில் இருந்தது. அடுத்த நாள் போனபோது எனக்காக வீட்டை அலங்கரித்து வைத்திருந்தார்கள். மரியாதையான மனிதர்கள். பிழை என்னுடையது. மூன்று மாடிப்படி ஏறக் கமராவைத் தூக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் காரிலேயே விட்டுவிட்டேன். அதன்பின் ஒருநாளும் கமரா இல்லாமல் ஒரு வாசலைத் தாண்டியதில்லை.

குசினிக்குள் இருந்து மனைவி, "என்ன, புரோக்கர் கதைக்கிறாரோ?" என்று கேட்டாள். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். ஒரு மனிதர் இருபது வருடமாக என் பிழையைத் தன் பிழை என்று சுமந்து, அதிலேயே தன் தொழிலைக் கட்டி எழுப்பியிருக்கிறார். நான் அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அத்தனை பேருக்குக் கடிதம் எழுதியவன் நான்.

அவருக்கு எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தார். அடுத்த நாள் காலை அண்ணை வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு அந்த வெள்ளைக்காரர் வீட்டை வடிவா வைக்கச் சொல்லேல்லை. ஒண்டையும் மாத்த வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

"தெரியும்" என்றார் அண்ணை. பெடலை ஒருமுறை சுற்றிவிட்டார்.

"தெரியுமோ?"

"நான் கொழும்பில ஆறு வருசம் ஹொட்டேல் வாசலில நிண்டனான் தம்பி. வெள்ளைக்காரர் உதை எடு, உதைத் தொடாதை எண்டு சொல்லுறது எனக்கு விளங்காதோ?"

"பிறகேன் அண்ணை பேசாமல் இருந்தனீங்கள்? கோட்டையும் நீங்கள்தானே கழட்டித் தந்தனீங்கள்."

அவர் சங்கிலியைத் துணியால் துடைத்தார். என்னைக் குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை வருமோ என்று கேட்கும் குரலில்தான் சொன்னார்.

"மட்டக்களப்புத் தம்பியின்ர விசா ஃபோம் உம்மட பையுக்குள்ள ரெண்டு கிழமை கிடந்தது எனக்குத் தெரியும். அண்டைக்கு என்ர ஃபோமும் உம்மட பையுக்குள்ளதான் கிடந்தது."

கொம்மூன் கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாங்கள் எல்லோரும் கதைத்த காலம் அது. அந்த வீட்டுக்குள் அண்ணை பார்த்துப் பார்த்துக் கதைத்தது என் முகத்தை.

"நிண்டு கொண்டிருக்கிறீர். உள்ள வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். கையைக் கழுவிவிட்டு அவரே ஊற்றினார். முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினார்.